ஷொக் போர்க்கும் அஸ்காவின் வட்டலப்பமும்

ஜம்பட்டா வீதித் தேத்தண்ணிக் கடையில் அரசியலுக்கு அடுத்தபடியாக அதிகம் அடிபட்ட விஷயம் ரிம்ஸானுடைய சைக்கிளின் முன்போர்க்தான். முன்சக்கரச் சில்லைக் கவ்விப் பிடித்திருக்கும் அந்த இரண்டு கால்களும் வெறும் இரும்பாக இருக்க வேண்டுமா, உள்ளே ஸ்பிரிங் வைத்து அமுங்கி எழும்ப வேண்டுமா என்பதற்காக வளர்ந்த மனிதர்கள் சண்டை பிடிப்பார்களா என்று கேட்பவர்கள் கொட்டாஞ்சேனைப் பக்கம் வந்து பார்த்ததில்லை. இங்கே அதற்காகத் தேத்தண்ணி ஆறிப்போனது பல தடவை.

ஸ்பிரிங் கட்சிக்குத் தலைவன் பிரதீஸ். காப்புறுதிக் கம்பனியில் வேலை, வயது முப்பத்தொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் மவுண்டன் பைக்கை மலைநாட்டுக்குக் கொண்டுபோய்க் கல்லிலும் வேரிலும் உருட்டிவிட்டு, திங்கள் முழுவதும் அதைப் பற்றியே கதைப்பான்.

"நானா, நீங்க ஓடுறது சைக்கிள் இல்ல, கல்லுடைக்கிற மெஷின். ஒரு ஷொக் போர்க்கைப் போடுங்கோ. உங்கட கைதானே பழுதாப் போகும்?"

"எனக்கு ரோட்டு விளங்கோணும் தம்பி. கீழ எனத்த ஈக்கின்னு கைக்குத் தெரியோணும். ஒங்கட போர்க் கைக்குப் பொய் சொல்லுது."

"மூணு வருஷமா இதையேதான் சொல்றீங்க."

"மூணு வருஷமா நீங்களும் அதையேதானே கேக்குறீங்க."

ரிம்ஸானுக்கு நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வருடம் திரீவீல் ஓட்டியவன். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பெற்றோல் வரிசைகளில் நின்று நின்று வெறுத்துப்போய் ஒருநாள் திரீவீலை விற்றான். அதற்குப் பிறகு நான்கு மாதம் வீட்டில் யாருக்கும் முகம் கொடுக்காமல் இருந்தான். சோறு போட்டால் சாப்பிடுவான், கூப்பிட்டால் திரும்புவான், அவ்வளவுதான். அந்த மாதங்களில்தான் அவன் மனைவி அஸ்கா வட்டலப்பம் அவித்து விற்கத் தொடங்கினாள். "யார் கொண்டுபோய்க் குடுக்கிற?" என்று ஒருநாள் சும்மா கேட்பதுபோல் கேட்டு வைத்தாள். ரிம்ஸான் அடுத்த நாளே ஹெந்தளைக்குப் போய், வெளிநாடு போகிற ஒரு குடும்பத்திடமிருந்து பழைய மவுண்டன் பைக் ஒன்றை வாங்கி, அதிலேயே ஏறி வீட்டுக்கு வந்தான். வெறும் இரும்புப் போர்க். வந்து இறங்கியபோது வியர்வையில் தோய்ந்திருந்தான், ஆனால் நாலு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தான்.

அஸ்காவின் வட்டலப்பத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. அது பிரிட்ஜுக்குள் போகக் கூடாது. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு தேங்காயின் முதல்பாலையும் கித்துள் கருப்பட்டியையும் முட்டையையும் சேர்த்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, சிறு கப்புகளில் ஊற்றி ஆவியில் வைப்பாள். இளஞ்சூடு போகுமுன்னே, தொட்டால் மெல்ல ஆடுகிற பதத்திலேயே, அது வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். மேலே சின்னச் சின்னக் கண்கள் விழுந்திருக்க வேண்டும், ஒரு வெடிப்பு இருக்கக் கூடாது. பிரிட்ஜில் வைத்து இறுக்கிய வட்டலப்பத்தை லொறியில் போட்டுக் குலுக்கினாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் வெள்ளவத்தையில் பெயர் சொல்லி "அஸ்காட வட்டலப்பம்" என்று கேட்கிறார்களே, அது அந்த இளக்கத்துக்காகத்தான்.

அந்த ஆடுகிற சாமானைக் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு, காலிமுகத்திடலைத் தாண்டி, மரைன் டிரைவ் வழியாகக் கொண்டுபோவது ரிம்ஸானின் வேலை. சைக்கிளின் பின் கரியரில் சூடு காக்கிற ஒரு ரெஜிபோம் பெட்டி. பழைய டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டியது. ரோட்டில் சாக்கடைக் கான் மூடி வருகிறதென்றால் கைப்பிடியில் முதலில் ஒரு அதிர்வு வரும். உடனே அவன் சீட்டிலிருந்து நாலு விரற்கடை எழும்பி, முழங்காலை மடக்கி, சைக்கிளைத் தனக்குக் கீழே ஏறி இறங்க விடுவான். பின்சில்லும் பெட்டியும் பூனை போலப் பின்னால் வரும். யாரோ வெட்டி மூடிய தார்த் திட்டிகள், ரோட்டோரக் குழிகள், எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். இதை யாராவது கெட்டித்தனம் என்று சொல்லியிருந்தால் அவனுக்கே விளங்கியிருக்காது. அவனைப் பொறுத்தவரை அவன் சும்மா சைக்கிள் ஓடினான்.

கை மட்டும் அதற்கு விலை கொடுத்தது. போன மழைக்காலத்தில் வலது கையின் சின்ன விரலும் அதற்குப் பக்கத்து விரலும் மரக்கத் தொடங்கின. முதலில் கொள்ளுப்பிட்டி தாண்டித்தான் மரக்கும், பிறகு காலிமுகத்திடலிலேயே மரத்தது. சேர்ட்டின் கைப் பொத்தான் போட முடியவில்லை. தேத்தண்ணி கிளாஸை இடது கையில் எடுக்கப் பழகினான்.

பொரளையில் ஒரு டொக்டரிடம் போனான். மணிக்கட்டில் நரம்பு நசிகிறது என்றார் அவர். ஒரு தாள் துண்டில் நாலு விஷயம் எழுதி ஒவ்வொன்றாக விளக்கினார். முதலாவது, கைக்கு வருகிற அதிர்வைக் குறைக்க வேண்டும். அதைக் கேட்டதும் ரிம்ஸானுக்கு மனசு பிரதீஸின் ஷொக் போர்க்குக்குப் பாய்ந்துவிட்டது, மற்ற மூன்றும் காதிலேயே ஏறவில்லை. துண்டையும் எங்கேயோ தொலைத்துவிட்டான். வைத்தியரிடம் போகிற ஆம்பிளைகளில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான்.

அஸ்காவிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்திய வருடம் அவன் காய்ச்சலில் விழுந்தபோது அவள் மூன்று கிழமை, முழுசாக இருபத்தொரு நாள், அடுப்பே மூட்டவில்லை. வந்த ஓர்டர்களையெல்லாம் திருப்பிவிட்டாள். யாரோ "கடைய மூடியாச்சா?" என்று கேட்டபோது அவள் முகம் போன போக்கை அவன் படுக்கையில் கிடந்தபடி பார்த்தான். தன் பெயரில் ஊரில் ஒரு சாமான் இருக்கிறது என்பது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றுதான் அவனுக்கு விளங்கியது. தன்னுடைய இரண்டு விரலுக்காக அது திரும்பவும் நிற்பதை அவனால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

அடுத்த கிழமையே பிரதீஸின் பழைய ஷொக் போர்க் ரிம்ஸானின் சைக்கிளில் ஏறியது. வென்றுவிட்ட சந்தோஷத்தில் பிரதீஸ் தேத்தண்ணிக் கடையில் எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தான்.

"எனத்துக்கு இப்ப புதுக் காலு?" என்று அஸ்கா கேட்டாள்.

"பிரதீஸ் தம்பி சும்மா தந்தான். வேணாம்னு சொல்ல ஏலாமப் போச்சு."

"மூணு வருஷமா வேணாம்னுதானே சொன்னீங்க?"

ரிம்ஸான் குனிந்து முன்சில்லைச் சுழற்றிப் பார்த்தான். அவள் அவனுடைய கையை ஒரு கணம் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், ஷொக் போர்க் சுகமாகத்தான் இருந்தது. மரைன் டிரைவில் ரோட்டையே மாற்றிப் போட்டதுபோல இருந்தது. கான் மூடிகள் எங்கே போயின என்று தெரியவில்லை. எழும்பவும் தேவையில்லை, முழங்காலை மடக்கவும் தேவையில்லை. ரிம்ஸான் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சீட்டில் நன்றாக அமர்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டு போனான். விரல் மரப்பது பம்பலப்பிட்டி வரை தள்ளிப்போனது. பிரதீஸிடம் தோற்றதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

இரண்டாம் கிழமை சுபோதினி டீச்சரின் போன் கோல் வந்தது. வெள்ளவத்தையில் இருக்கிறார், பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். அஸ்காவின் முதல் வாடிக்கைக்காரர் அவர்தான். அஸ்கா போனை ஸ்பீக்கரில் போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அஸ்கா, குறை நினைக்காதையும். இந்தமுறை வட்டலப்பம் நடுவால வெடிச்சுப் போய்க் கிடந்தது. பாணியும் பிரிஞ்சு தண்ணியா நிக்குது."

"என்ட பிழை டீச்சர்," என்றாள் அஸ்கா உடனே. "கை பெசகிப் போச்சு. முட்டையும் சரியில்ல."

அது முன் ஹோலில் இருந்த ரிம்ஸானுக்கும் கேட்டது. எழும்பிப் போய்ப் பெட்டியைப் பார்த்தான். ரப்பர் கட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. பெட்டியை அவன் ஒரு தடவையும் விழுத்தியதில்லை, எங்கும் இடித்ததில்லை. பிறகு இன்னொரு வீட்டிலிருந்து கோல் வந்தது, அதற்குப் பிறகு இன்னும் இரண்டு. ஒவ்வொரு தடவையும் அஸ்கா அதையேதான் சொன்னாள், "என்ட கை பெசகிப் போச்சு". நாலாவது தடவை ரிம்ஸான் அதை நம்பிவிட்டான். நம்பியதோடு நின்றிருக்கலாம், ஆறுதல் சொல்லவும் போனான்.

"ஒண்டும் யோசிக்காத. வயசு போகப்போக எல்லாருக்கும் கை பெசகுறதுதானே."

அஸ்கா அவனை நெடுநேரம் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. பிறகு வெங்காயத் தோலை வாரிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சுபோதினி டீச்சருக்கு பென்ஷன் வந்தது. முப்பத்திரண்டு வருட உத்தியோகம். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பிரியாவிடை. வெடித்ததையெல்லாம் மறந்து, முப்பது கப் வட்டலப்பம் வேண்டும் என்று அவர் கேட்டார். அப்படிக் கேட்டது அவருடைய பெரிய மனசு.

"வேணாம்னு சொல்லிடப் போறன்," என்றாள் அஸ்கா திங்கட்கிழமை. "அந்த மனிசிட கடைசி நாள்ல வெடிச்ச வட்டலப்பத்த அனுப்ப ஏலாது. இதோட அடுப்பயும் நிப்பாட்டிடுவம். போதும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ரிம்ஸானுக்குத்தான் அது சாதாரணமாக இருக்கவில்லை. எது நடக்கக் கூடாது என்று கையை மறைத்தானோ, அது அவன் கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. "புதன் வரைக்கும் பொறு" என்று கெஞ்சினான். எதற்குப் பொறுக்கச் சொல்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்பது கப். பெட்டியில் எட்டுத்தான் பிடித்தது. ஒன்பதாவதை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு, கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு போனான். வெள்ளவத்தையில் முதல் வீட்டு வாசலில் பெட்டியைத் திறந்தபோது எட்டில் ஆறு வெடித்திருந்தன. அவமானத்தில் காது சுட்டது. பேக்கில் இருந்ததை எடுத்துப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. கண் கண்ணாக, தட்டினால் ஆடுகிற பதத்தில், அப்படியே இருந்தது.

ரிம்ஸான் அந்த வாசலிலேயே நின்றான். ஒரே சட்டிப் பால், ஒரே அடுப்பு, ஒரே ஆவி, ஒரே கை. அஸ்காவின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு வீட்டுக்கு முன்னால் சந்துபோல ஓடிய ஒழுங்கையில் நடந்ததைப் பார்த்தவர்கள் ஆளுக்கு விசர், பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். கடலோரம் இறங்குகிற அந்த ஒழுங்கையின் நடுவே ஒரு கான் மூடி இருந்தது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, அவன் வெறும் பெட்டியோடு அதன் மேல் ஏறினான். கைக்கு ஒன்றும் தெரியவில்லை, போர்க் அமுங்கி எழும்பியது. அடுத்த நொடி பின்னால் 'டங்' என்று ஒரு அடி. திரும்பி வந்து மறுபடி ஏறினான். முன்னால் மெத்தை, பின்னால் டங். ஐந்து தடவை போய்வந்தபோது எல்லாம் விளங்கியது. முன்னால் வருகிற அடியைப் போர்க் விழுங்கிவிடுகிறது, அதனால் கைக்குச் செய்தி வருவதில்லை. செய்தி வராததால் அவன் சீட்டிலிருந்து எழும்புவதில்லை. எழும்பாததால் அவனுடைய முழுப் பாரத்தோடும் பின்சில்லு குழியில் விழுகிறது. அதற்கு மேலே இருப்பது அஸ்காவின் வட்டலப்பம்.

பிரதீஸுக்குக் கோல் எடுத்தான்.

"அப்ப பெட்டியை முன்னுக்குக் கட்டுங்கோ நானா," என்றான் பிரதீஸ், காப்புறுதிக்காரனின் உடனடித் தீர்வோடு.

கட்டியும் பார்த்தான். கப்பில் தண்ணீர் ஊற்றி வைத்து ஓடினான். பிரேக் பிடித்த ஒவ்வொரு தடவையும் போர்க் முன்னால் குனிந்து சலாம் போட்டது, தண்ணீர் அவ்வளவும் ரோட்டில். காலி வீதி நெரிசலில் பிரேக் பிடிக்காமல் போக அவன் என்ன மந்திரியா?

"மலையில அது நல்ல சாமான்தான் நானா," என்றான் பிரதீஸ், முதல்தடவையாகக் குரல் இறங்கி. "அங்க எனக்குப் பின்னால வட்டலப்பம் இல்லைத்தானே."

இனி இரும்புப் போர்க்கைத்தான் திரும்பப் போட வேண்டும். போட்டால் அஸ்கா கேட்பாள், பிறகு ஏன் அதைக் கழற்றினீர்கள் என்று. அந்தக் கேள்விக்கு உண்மையைத் தவிர வேறு பதில் இல்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நல்ல பொய்யாக ஒன்று அகப்படுமா என்று யோசித்துப் பார்த்தான். கொட்டாஞ்சேனை வந்துவிட்டது, பொய் வரவில்லை.

அஸ்கா அடுப்படியில் ஆவிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் நின்ற நிலையிலேயே சொன்னான்.

"ஒன்ட கை நல்லாத்தான் ஈக்கி. பிழை சைக்கிள்ள. ஷொக் போட்டதால பின்சில்லு அடிச்சு எல்லாம் வெடிச்சிரிக்கி. ஷொக் போட்டது... என்ட வலது கை. ரெண்டு வெரல் மரக்குது. மழைக்காலம் தொட்டு. ஒனக்குச் சொல்லல்ல."

அஸ்கா பானையைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்தாள். அலுமாரியைத் திறந்து, உடுப்புக்கு அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துவந்து நீட்டினாள். பொரளை டொக்டரின் துண்டு. ஒரு தடவை தண்ணீரில் நனைந்து காய்ந்திருந்தது.

"ஒங்கட சேர்ட் பொக்கட்ல இருந்திச்சு. உடுப்புக் கழுவக்குள்ள கண்டன்."

"அப்ப ஒனக்குத் தெரியுமா?"

"பொத்தான் போட ஏலாத ஆம்பிளைய ரெண்டு மாசமாப் பாத்துட்டு ஈக்கிறன். எனக்குக் கண்ணு இல்லயா?"

"பின்ன ஏன் ஒன்ட கை பெசகிச்சுன்னு எல்லாருக்கும் சொன்ன?"

அஸ்கா கவிழ்த்து வைத்த பானையை நேராக்கி வைத்தாள். "மரத்த கையால நீங்கதான் பெட்டிய எங்கயோ போட்டுட்டு, சொல்ல வெக்கத்துல ஈக்கிறீங்கன்னு நெனச்சன்," என்றாள். "சனம் ஒங்கடதுன்னு சொல்லிட்டா நீங்க சைக்கிளயும் வித்துடுவீங்க. திரீவீல் போன நேரம் நாலு மாசம் நீங்க இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். அதுக்கு என்ட கைன்னு சொன்னா எனக்கு எனத்த கொறஞ்சி போகப் போகுது? வட்டலப்பம்தானே."

வட்டலப்பம்தானே என்றாள். அவளுடைய பெயரில் ஊரில் இருந்த ஒரே சாமான் அது. ரிம்ஸான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வயசு போகப்போக எல்லாருக்கும் கை பெசகும் என்று தான் சொன்ன ஆறுதல் ஞாபகம் வந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் மூக்கைத் துடைத்துக்கொண்டான். அவளுக்கும் அதே நிலைதான்.

"நாலு விஷயம் எழுதி ஈக்கி," என்றாள் அஸ்கா கடைசியில், துண்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து. "பக்கத்து வீட்டுப் பிள்ளைட்டக் காட்டி வாசிச்சுக் கேட்டன். அதிர்வு கொறயோணுமாம். கைப்பிடிக்குத் தடிப்பா மெத்தை சுத்தோணுமாம். அடிக்கடி பிடிய மாத்தோணுமாம். மரத்தா ஓடாம, வெரல் திரும்பி வாற மட்டும் நிக்கோணுமாம். இதுல நீங்க எத்தனயச் செஞ்ச?"

ரிம்ஸான் துண்டை வாங்கித் திரும்பவும் சேர்ட் பொக்கட்டில் வைத்தான்.

புதன்கிழமை இரும்புப் போர்க் திரும்ப ஏறியது. சுடுபானை பிடிக்க வைத்திருந்த தடித்த துணிகள் இரண்டை வெட்டி, அஸ்கா கைப்பிடிகளுக்கு உறை தைத்தாள். ஒன்றில் நீலப் பூ, மற்றதில் சிவப்புக் கோடு. தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் சிரித்தார்கள், பிரதீஸ் மட்டும் சிரிக்கவில்லை. அஸ்கா ஒரு நிபந்தனையும் போட்டாள். விரல் மரத்தால் நிற்க வேண்டும், நின்று அவளுக்குக் கோல் எடுக்க வேண்டும். மறைக்கிற வேலை இனி இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, இரவல் வாங்கிய பெரிய பெட்டியொன்றைக் கரியரில் கட்டி, முப்பது கப்போடு புறப்பட்டான். கான் மூடிகள் எல்லாம் பழையபடி கையில் பேசின. அவனும் பழையபடி எழும்பி எழும்பிப் போனான். வழியில் இரண்டு தடவை நின்று கோல் எடுத்தான். பள்ளிக்கூட வாசலில் டீச்சர் தானே வந்து மூடியைத் திறந்தார். முப்பதும் கண் கண்ணாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தன.

"அஸ்காட கை திரும்பி வந்திட்டுது தம்பி," என்றார் டீச்சர் கண் கலங்க. எதை நினைத்துக் கலங்கினாரோ, அன்றைக்கு அவருக்குக் கலங்க எத்தனையோ இருந்தது.

"அது எங்கயும் போகல்ல டீச்சர்," என்றான் ரிம்ஸான்.

திரும்பி வரும்போது பெட்டி காலி. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, வேகமாகத்தான் மிதித்தான். காலிமுகத்திடலில் சின்ன விரல் மரத்துப் போனது. அடுத்ததும் போனது. பின்னால் காக்க வேண்டியது ஒன்றுமில்லை. பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போய்விடலாம், யாருக்கும் தெரியவும் போவதில்லை. ரிம்ஸான் சைக்கிளை ஓரம் கட்டினான்.

"வெரல் போச்சு," என்றான் போனில்.

"அல்லாவே, வட்டலப்பம்?"

"குடுத்துட்டன். முப்பதும் முழுசு. இப்ப பெட்டி காலி."

"காலிப் பெட்டிய வெச்சிட்டு எனத்துக்கு நின்ட? ஜும்ஆக்கு நேரம் போகுது."

"நீதானே நிக்கச் சொன்ன."

அந்தப் பக்கம் கைவேலை நின்றது. ஆவிப் பானை மூடியை எங்கோ வைக்கிற ஓசை மட்டும் கேட்டது.

"வாற மட்டும் நில்லுங்க," என்றாள் அஸ்கா. "நானும் போனை வெக்கல்ல."

ரிம்ஸான் போனைக் காதில் பிடித்தபடி, வலது கையை மெல்ல மடக்கி விரித்துக்கொண்டு நின்றான். சின்ன விரல் வர இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது.